பழைய கார் ஸ்டீரியோவில் செல்போன் பாட்டு: எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரா, ஆக்ஸ் வயரா, புது செட்டா?

பத்துப் பதினைந்து வருடப் பழைய ஆல்ட்டோவிலோ சான்ட்ரோவிலோ ஸ்டீரியோ இன்னும் நன்றாகவே பாடும். கதவு ஸ்பீக்கர்களும் உயிரோடு இருக்கும். பாட்டுதான் செல்போனுக்குள் குடிபோய்விட்டது. இரண்டையும் சேர்த்துவைக்க என்ன வழி என்று கேட்டால், கடையில் முதலில் எடுத்து நீட்டுவது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைத்தான். விலை குறைவு, ஒரு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டாம், எஃப்.எம். இருக்கிற எந்த செட்டிலும் ஓடும். மூன்றும் உண்மை. ஆனாலும் நிறைய கார்களுக்கு அது தேவையே இல்லாத செலவு.

காசு கொடுப்பதற்கு முன் ஸ்டீரியோவின் முகப்பைப் பாருங்கள். 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை (ஹெட்போன் துளை போன்ற, வெளிப் பாட்டை உள்ளே வாங்கும் துளை), யூஎஸ்பி வாய், கேசட் வாய் என்ற மூன்றில் ஏதாவது இருக்கிறதா? முகப்பில் இல்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டாம். கியர் லீவருக்கு முன்னால், டேஷ்போர்டு பெட்டிக்குள், கைவைக்கும் பெட்டிக்குள், ரப்பர் மூடிக்குப் பின்னால் என்று பல கார்களில் துளை ஒளிந்திருக்கும். செட்டில் எஸ்.ஆர்.சி. அல்லது மோடு பட்டனை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ரேடியோ, சிடி என்று வரும் வரிசையில் ஆக்ஸ் என்று ஒன்று வந்தால், எங்கோ ஒரு நுழைவாய் இருக்கலாம். முகப்பிலும் சுற்றிலும் கிடைக்காவிட்டால் செட்டின் முதுகில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகளாக இருக்கலாம். துளை இருக்கிற காருக்கு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்காதீர்கள். நேராக ஆக்ஸ் பகுதிக்குப் போய்விடலாம். வேறு எந்த வாயும் இல்லாத, ரேடியோவும் சிடியும் மட்டுமே உள்ள கார்களுக்குத்தான் அடுத்த பகுதி.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்: காருக்குள் ஒரு குட்டி வானொலி நிலையம்

போனிலிருந்து ப்ளூடூத் வழியாகவோ வயர் வழியாகவோ வரும் பாட்டை இது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏதோ ஒரு அலைவரிசையில் ஒலிபரப்புகிறது. கார் ரேடியோ அதையும் இன்னொரு நிலையம் என்றே நினைத்துப் பிடிக்கிறது. சிக்கலின் வேரும் இதுதான்: நிஜ நிலையங்கள் கிலோவாட் கணக்கில் ஒலிபரப்புகின்றன. இந்தக் கருவிக்கு ஐரோப்பாவில் அனுமதிக்கப்படும் உச்ச சக்தி 50 நானோவாட், அதாவது ஒரு வாட்டின் இரண்டு கோடியில் ஒரு பங்கு. அமெரிக்காவிலும் மூன்று மீட்டர் தள்ளி இத்தனை மைக்ரோவோல்ட்தான் என்று இறுக்கமான வரம்பு உண்டு. பக்கத்து காரின் ரேடியோவைக் கெடுக்காமல் இருக்க இந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் அதே காரணத்தால் உங்கள் காரிலும் குரல் நலிந்தே ஒலிக்கும்.

எஃப்.எம். ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு குரல் வந்தால் வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். டிரான்ஸ்மிட்டர் வலுவாக இருக்கும்வரை இது நமக்குச் சாதகம். இரண்டும் ஏறக்குறையச் சமமானால்தான் தொல்லை. கார் நகர நகர, பாட்டில் ஒரு வரி, வெளியூர் நிலையத்தின் விளம்பரத்தில் ஒரு வரி என்று மாறி மாறி வரும்.

வலுவாக இருப்பதும் நலிவதும் பெரும்பாலும் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிரான்ஸ்மிட்டர் கார் என்ற தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆன்டெனா வெளியே இருக்கிறது. அலை கண்ணாடி வழியாகத்தான் வெளியேறிப் போய்ச் சேர வேண்டும். முன் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே, கூரையின் முன்விளிம்பில் ஆன்டெனா வைத்த கார்களில் எளிதாகப் பிடிக்கும். கூரையின் பின்கோடியில் இருந்தால் சுமார். முன்சக்கரத்துக்கு மேலே இழுத்து நீட்டும் கம்பி ஆன்டெனாவில், நீட்டாவிட்டால் நிஜ நிலையங்களோடு சேர்ந்து உங்கள் டிரான்ஸ்மிட்டரும் நலியும். பல கருவிகள் சார்ஜிங் வயரையோ ஆடியோ வயரையோதான் தம் ஆன்டெனாவாகப் பயன்படுத்துகின்றன. அதனால் அந்த வயரைச் சுருட்டிக் கட்டாமல் டேஷ்போர்டு பக்கம் நீளவாக்கில் விட்டாலே இரைச்சல் குறைவதுண்டு. சாக்கெட் கியருக்குக் கீழே பதுங்கியிருக்கும் கார்களில் வளையும் கழுத்துள்ள மாடல் வாங்குவது இதற்காகவும்தான்.

அலைவரிசை தேர்வு

இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கருவி முதலில் காட்டும் எண்ணையே வைத்துக்கொண்டு, “சத்தம் சரியில்லை” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சென்னையையே எடுத்துக்கொள்வோம். 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுக்கு நடுவே 91.5, 92.3 எல்லாம் எண்ணளவில் காலிதான். ஆனால் இருபுறமும் 0.4 தள்ளி மலைபோல நிலையங்கள் இருப்பதால், சாதாரண ரேடியோக்களில் அவற்றின் ஓரம் உள்ளே வழியும். 98.3, 101.4, 106.4 ஆகியவற்றையும் ஒட்டிப் போகக் கூடாது. முதலில் தேடிப் பார்க்க வேண்டியவை 94.3-க்கும் 98.3-க்கும் இடையிலுள்ள அகலமான வெளியும், பட்டையின் அடிக்கோடியில் 87.5 முதல் 89.5 வரையுள்ள பகுதியும். 90-ஐத் தாண்டினால் சமுதாய வானொலிகள் குறுக்கிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 90.4-இல் இருப்பது கிண்டி பக்கம் ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

தேடும் முறை இதுதான். காரைக் கட்டடங்கள் நெருக்காத இடத்தில் நிறுத்தி, டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ரேடியோவைக் கையால் 0.1 வீதம் நகர்த்துங்கள். தானாகத் தேடும் சீக் பட்டன் உதவாது; அது நிலையங்களைத்தான் தேடும், நமக்கு வேண்டியது வெற்றிடம். ஒரே சீரான ‘ஸ்ஸ்ஸ்’ மட்டும் கேட்கும் இடமாக இருக்க வேண்டும். உள்ளே மெல்லிய பேச்சொலி கலந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். இருபுறமும் 0.3 வரையாவது அதே ‘ஸ்ஸ்ஸ்’ தொடர வேண்டும். இப்படி மூன்று இடங்களைக் கண்டுபிடித்து, ரேடியோவின் 1, 2, 3 எண் பட்டன்களில் பதிந்துகொள்ளுங்கள்.

மூன்று எதற்கு என்றால், நெடுஞ்சாலைக்கு. சென்னையில் காலியாக இருந்தது திருச்சியில் காலியாக இருக்காது. நமக்கு ஒரு வசதி, சில நிலையங்கள் ஊர் மாறினாலும் எண் மாறாமல் இருப்பது. 93.5 சென்னை, கோவை, மதுரை, திருச்சி, நெல்லை எல்லா இடத்திலும் உண்டு. 106.4 சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உண்டு. 98.3 சென்னை, கோவை, மதுரையில் உண்டு. இந்த மூன்றின் பக்கமே போகாமல் இருந்தால் பாதிப் பயணம் நிம்மதி. தென்மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் 100.5-ஐயும் சேர்த்து ஒதுக்க வேண்டும். கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து வரும் அகில இந்திய வானொலி அலை, மதுரை, திண்டுக்கல், தேனி என்று எங்கெங்கோ வந்து விழும். ராமேஸ்வரம், வேதாரண்யம் கடற்கரைப் பக்கம் இலங்கை நிலையங்கள் கடலைத் தாண்டி வருகின்றன. கடல்மேல் காற்றின் வெப்ப அடுக்குகள் மாறும்போது அவை திடீரென்று வலுப்பெறும். பகலில் காலியாக இருந்த எண்ணில் இரவில் யாரோ பேசினால் கருவியில் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

எண்ணைப் பதிந்த பிறகு ஒலி அளவு. போன் வால்யூமைப் பாதியில் தொடங்கி, நாதஸ்வரமோ பறையோ முழங்கும் பாட்டு ஒன்றைப் போட்டு மெல்ல ஏற்றுங்கள். உச்சத்தில் ஒலி பிசிறடிக்கத் தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து இரண்டு படி இறக்கி அப்படியே வைத்துவிட்டு, இனி கூட்டுவதும் குறைப்பதும் ஸ்டீரியோவில் மட்டும். போன் வால்யூம் மிகவும் குறைந்திருந்தால் ஸ்டீரியோவைத் தூக்க வேண்டிவரும். பாட்டோடு இரைச்சலும் தூக்கப்படும். போனில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். எஃப்.எம். முறையில் கூர்மையான ஒலிகளை அனுப்பும்போது உயர்த்தி, வாங்கும்போது தாழ்த்துவார்கள். போனிலும் உயர்த்தினால் ‘ச’, ‘ஸ’ எல்லாம் சீறும். அனுப்பும்போது உயர்த்தும் அளவை நேரக் கணக்கில் குறிப்பார்கள்: இந்தியாவில் 50 மைக்ரோசெகண்ட், அமெரிக்காவில் 75. எண் கூடினால் உயர்த்துவதும் கூடும். அமெரிக்க அளவில் அமைந்த கருவி கிடைத்துவிட்டால் ஒலி எப்போதும் கீச்சென்றே இருக்கும். ஸ்டீரியோவில் ட்ரெபிளை இரண்டு படி இறக்கினால் தீரும்.

இவ்வளவு செய்தும் அடியில் ‘ஸ்ஸ்’ இருந்தால், செட்டில் மோனோ பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.எம். ஸ்டீரியோவாக வரும்போது இரைச்சல் பல மடங்கு கூடுதல். மோனோவுக்கு மாற்றினால் இட வல விரிவு போகும், பின்னணி அமைதியாகும். நகர நெரிசலில் இது நல்ல பண்டமாற்று.

அடிக்கடி வரும் பழுதுகள் சில. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கி, கருவி அணைந்து உயிர்பெறும். மலிவான மாடல்கள் பழைய அலைவரிசையை மறந்து தொடக்க எண்ணுக்குப் போய்விடும். வாங்கும்போதே கழற்றிச் செருகிப் பார்த்து, எண் நினைவில் இருக்கிறதா என்று சோதியுங்கள். மேடு பள்ளத்தில் பாட்டு அறுந்தால் சாக்கெட்டின் பக்கவாட்டுத் தகடு தளர்ந்திருக்கும். போனை அதிலேயே சார்ஜ் போடும்போது மட்டும் இரைச்சல் வந்தால், உள்ளே 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சுற்று தரம் குறைந்தது. வேறு வழியில் சார்ஜ் போடுவதுதான் தீர்வு. சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும் கார் என்றால், வாரக்கணக்கில் நிறுத்திப் போகும்போது கருவியைப் பிடுங்கி வையுங்கள்.

தரத்தைப் பற்றி: எல்லாம் சரியாக அமைந்தாலும் எஃப்.எம். வழியே 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான மிகக் கூர்மையான ஒலி வராது. அமைதியான இடங்களில் இரைச்சல் தலைகாட்டும். எண்பதில் போகும்போது குத்துப்பாட்டில் இது தெரியாது. சிக்னலில் நிற்கும்போது வீணை ஆலாபனையில் நன்றாகவே தெரியும். பாடலை மட்டும் போகிற போக்கில் கேட்பவர்களுக்கும், மாதம் ஒருமுறை வெளியூர் போகிறவர்களுக்கும், வாடகைக் காரில் மாறி மாறி ஏறுகிறவர்களுக்கும் டிரான்ஸ்மிட்டர் போதும். தினமும் இரண்டு மணி நேரம் நகரத்துக்குள் ஓட்டுபவர் இதை வாங்கினால் சீக்கிரமே கழற்றி வைத்துவிடுவார்.

ஆக்ஸ் துளை இருந்தால்

3.5 மி.மீ. ஆண்-ஆண் வயர் ஒன்று, ஒரு மீட்டர் நீளத்தில் போதும். அலைவரிசை, போட்டி நிலையம் எதுவும் இல்லை. செலவு குறைந்த வழியே ஒலியிலும் சிறந்ததாக அமைவது இங்கேதான். போனில் ஹெட்போன் துளை இல்லாவிட்டால் டைப்-சி முனையிலிருந்து 3.5 மி.மீ.-க்கு மாற்றும் சிறு துண்டு வேண்டும். அதில் கவனம்: சில துண்டுகளுக்குள் டிஜிட்டலை ஒலியாக்கும் சில்லு இருக்கும், சிலவற்றில் வெறும் கம்பி. சில்லு இல்லாதது எல்லாப் போனிலும் வேலை செய்யாது. சில்லு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

வயர் வழியின் ஒரே பெரிய தொல்லை, போனை காரிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு ஆக்ஸில் பாட்டுக் கேட்கும்போது வரும் ரீங்காரம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) வருவது. போனுக்கு சார்ஜர் வழியாக ஒரு எர்த்தும், ஆக்ஸ் வழியாக இன்னொரு எர்த்தும் கிடைத்து, இரண்டும் வளையமாகச் சேர்வதுதான் காரணம். சார்ஜ் வயரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் நோய் உறுதி. மருந்து, கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற தீப்பெட்டி அளவுப் பெட்டி. உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். எர்த்தைப் பிரித்துவிட்டு ஒலியை மட்டும் கடத்தும். ஆக்ஸ் வயரின் நடுவே செருகினால் போதும், விலையும் சில நூறு ரூபாய்தான். மிக மலிவானவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் சிறிதாக இருப்பதால் தவிலின் அடிநாதம் கொஞ்சம் இளைக்கும்.

வயரே வேண்டாம் என்பவர்களுக்கு ஆக்ஸ் துளையில் செருகும் ப்ளூடூத் ரிசீவர் இருக்கிறது. என்னைக் கேட்டால் பழைய காருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. ஆனால் இரண்டு வகைக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே பேட்டரி உள்ளது ஓடும்போது காரின் மின்சாரத்தைத் தொடுவதில்லை, அதனால் ரீங்காரமே இருக்காது. ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டு மேல் லித்தியம் பேட்டரி கிடப்பது நல்லதல்ல. நாளடைவில் உப்பும், சீக்கிரம் செத்தும் போகும். இறங்கும்போது கையோடு எடுத்துப் போகும் பழக்கம் இருந்தால் இதை வாங்கலாம். மற்றவர்களுக்கு, பேட்டரி இல்லாத, யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் ரிசீவரும் கூடவே ஒரு ஐசொலேட்டரும் சேர்ந்த ஜோடிதான் சரி. சாவி போட்டதும் தானாக உயிர்பெற்று போனோடு சேர்ந்துகொள்ளும், மறந்துவிடலாம்.

யூஎஸ்பி மட்டும் இருந்தால்

பழைய செட்டின் யூஎஸ்பி வாய் பென் டிரைவுக்கானது. பல செட்டுகளில் போனைச் செருகினால் சார்ஜ் மட்டும்தான் ஏறும். பென் டிரைவைப் படிக்கவில்லை என்ற புகாரில் பெரும்பாலானவை ஃபார்மேட் சம்பந்தப்பட்டவை. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் இவை அறியா. 64 ஜிபி டிரைவுகள் பல எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. அதனால் 16 அல்லது 32 ஜிபி வாங்குவது தொல்லையில்லாத வழி. பாட்டு எம்பி3 ஆக இருக்கட்டும்.

பாட்டுகள் பெயர் வரிசையில் வராமல் குழம்பி வருவது இன்னொரு புகார். பல செட்டுகள் பெயரைப் பார்ப்பதில்லை, டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். காலியான டிரைவில் ஒவ்வொரு ஃபோல்டராக, வரிசைப்படி நகலெடுத்தால் சரியாகும். தமிழில் பெயர் வைத்த பாட்டுகள் திரையில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும், ஏனென்றால் அந்த செட்டுகளுக்குள் தமிழ் எழுத்துருவே இல்லை. பாட்டு ஓடும், பெயர் தெரியாது. ஃபோல்டர்களுக்கு 01, 02 என்று எண் கொடுத்துவிடுவது எளிது. போனிலுள்ள இணையப் பாட்டுதான் வேண்டும் என்பவருக்கு இந்த வழி பயன்படாது. ஆனால் ஐந்நூறு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு இதைவிட நம்பகமானது வேறில்லை. கூப்பிட்டால் நிற்காது, சார்ஜ் தீராது.

கேசட் வாய் உள்ள பழைய கார்களுக்கு அடாப்டர் கேசட் இன்னும் நல்ல தேர்வு. நாடாவுக்குப் பதில் ஒரு காந்தத் தலை செட்டின் தலையோடு முகம் பொருத்தி ஒலியைக் கடத்துகிறது. தரத்தில் டிரான்ஸ்மிட்டரை எளிதில் வெல்லும். போட்டதும் துப்பினாலோ பக்கம் மாறிக்கொண்டே இருந்தாலோ, அடாப்டரின் சக்கரங்கள் சுற்றாததால் நாடா தீர்ந்துவிட்டது என்று செட் நினைக்கிறது. ஒலி மங்கினால் செட்டின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

எந்த வாயும் இல்லை, நகரத்தில் டிரான்ஸ்மிட்டரும் சரிப்படவில்லை, கம்பெனி செட்டைக் கழற்றவும் மனமில்லை என்பவர்களுக்கு ஓர் இடைவழி உண்டு: வயர் வழி எஃப்.எம். மாடுலேட்டர். இது ஆன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவே உட்காரும். சுவிட்சைப் போட்டதும் வெளி ஆன்டெனாவைத் துண்டித்துவிட்டு தன் அலையை நேராக செட்டுக்குள் ஊட்டும், அதனால் நிலையங்களோடு போட்டியே இல்லை. 15 கிலோஹெர்ட்ஸ் வரம்பு அப்படியேதான் இருக்கும், ஆனால் ஊர் மாறும்போது எண் மாற்றும் வேலை ஒழியும். செட்டை வெளியே இழுத்துத்தான் பொருத்த முடியும். உங்கள் காரின் ஆன்டெனா பிளக் எந்த வகை என்று பார்த்து அதற்கேற்ற கன்வர்ட்டரும் வாங்க வேண்டும்.

புது செட் மாற்றுவது

செட்டை வெளியே இழுப்பதென்று ஆகிவிட்டால், மாடுலேட்டருக்குச் செய்யும் அதே உழைப்பில் ப்ளூடூத் உள்ள புது செட்டையே வைத்துவிடலாம் என்ற கேள்வி எழும். பெரும்பாலான கார்களில் அதுதான் சரி. முதலில் இடத்தை அளவெடுங்கள். ஒற்றை டின் என்பது 180-க்கு 50 மி.மீ., இரட்டை டின் 180-க்கு 100 மி.மீ. டேஷ்போர்டோடு வார்த்த மாதிரி வளைந்த கம்பெனி செட் உள்ள கார்களுக்குத் தனி ஃபிரேம் வேண்டும். அது கிடைக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் செட் வாங்க வேண்டும். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் ஃபிரேமும், கார் வயரை வெட்டாமல் செட்டோடு இணைக்கும் கப்ளரும் கார் மாடல் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பாட்டு மட்டும்தான் தேவை என்றால் ப்ளூடூத், யூஎஸ்பி உள்ள ஒற்றை டின் செட்டே போதும். மலிவான ஆண்ட்ராய்டு திரை செட்டுகள் மெதுவாகத் திறக்கும், வெயிலில் திணறும். அதே காசில் நல்ல ஒற்றை டின் நீண்ட நாள் உழைக்கும். பெட்டியில் 50 வாட் x 4 என்று போட்டிருப்பது நொடி நேர உச்சம். தொடர்ந்து கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய இருபது வாட். கதவு ஸ்பீக்கருக்கு அது தாராளம்.

பொருத்தும்போது கார் வயரை வெட்ட விடாதீர்கள். கப்ளர் வாங்கிக் கொடுத்து, செட் பக்கத்து வயரோடு மட்டும் இணைக்கச் சொல்லுங்கள். செட் பக்கம் நிறங்கள் பொதுவாக இப்படி: மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அதனதன் மைனஸ். சாவியை எடுக்கும்போதெல்லாம் கடிகாரமும் பதிந்த நிலையங்களும் அழிந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. சாவி எடுத்தும் செட் அணையாமல் இருந்து பேட்டரி இறங்கினால் இரண்டும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கப்பட்டிருக்கின்றன. இது அவசரக் கைகள் அடிக்கடி செய்கிற வேலை. ஸ்பீக்கர் மைனஸை பாடியோடு எர்த் செய்தால் செட்டின் ஆம்ப்ளிஃபயர் ஐசி போய்விடும். இடமும் வலமும் சேர்ந்து பாடும்போது அடிநாதம் காணாமல் போனால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் திரும்பியிருக்கிறது. ஃபேடரையும் (முன்-பின்) பேலன்ஸையும் (இடம்-வலம்) நான்கு மூலைக்கும் தள்ளி, ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கழற்றிய கம்பெனி செட், அதன் ஃபிரேம், ஸ்க்ரூக்கள், செட்டைத் திறக்கும் ரகசிய எண் (ரேடியோ கோட்) எழுதிய அட்டை இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வீட்டில் வையுங்கள். கப்ளரை வெட்டாமல் விட்டிருந்தால், காரை விற்கும் நாளில் அரை மணி நேரத்தில் பழையபடி மாட்டிவிட்டு, புது செட்டை அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம்.